பொதுக்காரியங்களில் சுயேச்சையும் உண்மையும்
(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுக்காரியங்களில் சுயேச்சையும் உண்மையும் என்னும் விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி நிர்வாகக் கமிட்டியார் எனக்குக் கட்டளையிட்டிருக்கின்றனர். அவர்களுக்கு என் மனமார்ந்த வந்தனம் உரியதாகுக.

இவ்விஷயம் இன்று வெறும் கல்விப்பேச்சன்று என்பதைக் கூடியிருப்போர் யாவரும் அறிவீர்கள். நமது மாணவர் விடுதியில் சேரும் பிள்ளைகள் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும் என்று ஒரு தீர்மானமும், அவ்வாறு நிர்ப்பந்திக்கச் சங்கத்திற்கு அதிகாரமில்லை என்று அதற்கு எதிராக மற்றொரு தீர்மானமும் நம்முன் வந்திருக்கின்றன. இரண்டையும் கொணர்ந்தோர் நம் உறவின்முறையாரே. இரு திறத்தாரும் பிள்ளைகளின் நலத்தையே நாடுகின்றனர். இவற்றுக்கிடையே மூன்றாவது திறத்தார் சிலர், "இதற்கு விவாதமே வேண்டாம். பெரியவர்கள் நாலுபேர் உட்கார்ந்து முடிவு செய்து அறிவித்துவிட்டால் சச்சரவு தீர்ந்தது" என்கின்றனர். அவர்கள் சொல்வது சமாதானத்தை விரும்பிச் சொல்வதே. ஆயினும் இம்மூன்றில் மிகவும் ஆபத்தானது அந்த மூன்றாவது யோசனையே என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். ஏன் அவ்வாறு கருதுகிறேன் என்பதை விளக்குவதற்கு, இதே வழக்கைப் பல தலைமுறை வழக்காடித் தீர்த்த வேறொரு தேசத்தின் சரித்திரத்தை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

வைசூரி என்னும் பெரியம்மை உலகத்தை எவ்வாறு வாட்டியது என்பதை நம் முன்னோர் அறிவர். இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் வைத்தியர் 1796-ம் வருஷம் பசுவம்மைப் பாலை ஒரு சிறுவனுக்கு வைத்துப் பரீட்சித்து, 1798-ல் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். பார்லிமெண்டார் 1853-ல் ஒரு சட்டம் செய்து, பிறந்த குழந்தைக்கு மூன்று மாதத்திற்குள் அம்மை குத்தியாக வேண்டும், தவறிய பெற்றோருக்கு அபராதம் என்று விதித்தனர். 1867-ல் அச்சட்டத்தை இறுக்கி, ஒரே குழந்தையின் பொருட்டுத் திரும்பத் திரும்ப அபராதம் விதிக்கவும் வழி செய்தனர். செல்வர் அபராதத்தைக் கட்டிவிட்டுத் தம் இஷ்டப்படி இருந்தனர். ஏழைத் தொழிலாளியின் வீட்டிலோ பாத்திரம் பண்டங்கள் ஜப்தி செய்யப்பட்டன. சிலர் சிறையும் புகுந்தனர். ஆகவே நோயைத் தடுக்க வந்த சட்டம் ஏழைகளின் கண்ணுக்கு ஏழைகளை ஒறுக்க வந்த சட்டமாகத் தோன்றிற்று.

அம்மை குத்துதலை எதிர்த்தோர் கூறியன யாவும் பொய்யென்று நினைக்க வேண்டாம். அக்காலத்தில் ஒரு குழந்தையின் புயத்திலிருந்து பாலை எடுத்து மற்றொரு குழந்தையின் புயத்தில் வைப்பது வழக்கம். அதனால் மேகவியாதி முதலிய நோய்கள் ஒரு குழந்தையினின்று மற்றொன்றுக்குத் தொற்றக்கூடும் என்று அவர்கள் சொன்னார்கள். அது உண்மை. ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுள் முழுதும் காப்பு உண்டு என்று ஜென்னர் நம்பியது தவறு, காப்பு நாளடைவில் குறைகிறது என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மை. இவ்வுண்மைகளோடு, அம்மை குத்துதலால் யாதொரு பயனுமில்லை, சாக்கடையைச் சுத்தம் செய்தாலே வைசூரி ஒழிந்துபோம் என்பன போன்ற பொய்களையும் கலந்து சொன்னார்கள். அதிகார வர்க்கத்தாரோ பொய்யை மறுக்கும் வேகத்தில் உண்மையையும் நெடுநாள் மறுத்தனர். அதன் விளைவு யாது? தன் கண்ணாரக் கண்ட தீங்கை இல்லையென்று சாதிக்கும் உத்தியோகஸ்தரை ஜனங்கள் வேறு எந்த விஷயத்திலும் நம்பாமற் போயினர். அந்தத் தீங்கை உள்ளபடி சொன்னவர்கள் கூறிய பொய்களையும் சேர்த்தே நம்பினர். மறைக்கப்பட்ட ஓர் உண்மை, அதை வெளியிடுவோனின் பத்துப் பொய்களுக்கு ஜாமீனாக நிற்கிறது என்பதை நாம் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

1885-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி லீஸெஸ்டர் நகரத்தில் கட்டாயச் சட்டத்தை எதிர்த்துப் பெருங்கூட்டம் திரண்டது. எண்பதினாயிரம் முதல் லட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது. அதன் பின்னர் அரசாங்கத்தார் செய்த காரியம் பாராட்டற்குரியது. 1889-ல் ஒரு ராயல் கமிஷனை நியமித்தனர். அக்கமிஷன் ஏழு ஆண்டுகள் இரு கட்சியாரின் சாக்ஷியங்களையும் கேட்டு, 1896-ல் தன் முடிவைக் கூறிற்று. அம்மை குத்துதல் வைசூரியினின்று காப்பது மெய்யே என்றும், ஆயினும் மீண்டும் மீண்டும் அபராதம் விதிப்பது தகாது என்றும் அது சொல்லிற்று. 1898-ல் பிறந்த புதுச்சட்டம், மனச்சாட்சியின்படி மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. புயத்துக்குப் புயம் பால் மாற்றும் முறையையும் நிறுத்திற்று. இவ்வாறாக எதிர்ப்பில் இருந்த நியாயம் ஏற்கப்பட்டது. அதன் அநியாயம் தன் பலத்தை இழந்தது.

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அம்மை குத்திக்கொள்ள மறுத்த லீஸெஸ்டர்வாசிகள் சும்மா இருந்துவிடவில்லை. நோய் கண்ட வீட்டை உடனே தெரிவித்தல், நோயாளியைத் தனியே வைத்தல், அவரோடு பழகினவரைக் கண்காணித்தல் ஆகிய முறைகளைக் கைக்கொண்டனர். பிற்காலத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தார் வைசூரியை ஒழிக்கப் புறப்பட்டபோது, நோயைத் தேடிக் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தும் முறையையும், அந்நோயாளியைச் சுற்றியிருப்போர்க்கு அம்மை குத்தும் முறையையும் ஒன்றாகச் சேர்த்தனர். அவ்வழியிலேயே இந்தியாவில் 1975-லும் உலகத்தில் 1977-லும் இயற்கையாகப் பரவிய வைசூரி ஓய்ந்தது. 1980-ம் வருஷம் மே மாதம் அது உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சியாரின் வாயை முதலிலேயே அடைத்திருந்தால் அவர்களுடைய தவறு மட்டுமன்றி அவர்கள் கண்ட நல்ல உபாயமும் மறைந்திருக்கும் அன்றோ?

இனி, நல்ல நோக்கத்தோடு கூறும் பொய்யைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். அம்மை குத்தும் முறை 1802-ம் வருஷம் பம்பாய்க்கு வந்தது. சென்னையில் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரையைத் தமிழர் யாவரும் அறிவர். திருக்குறளைப் போற்றி மொழிபெயர்த்தவர் அவர். திராவிட பாஷைகள் ஓரினம் என்பதை 1816-லேயே எடுத்துக்காட்டியவரும் அவரே. அத்தகைய அறிஞர், ஜனங்கள் அம்மை குத்துதலை ஏற்கும்பொருட்டுப் பசுவம்மையின் பெருமையைப் புராணக்கதை போலத் தமிழில் புனைந்து எழுதினார். அவருடைய கருணையை நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆயினும் யோசித்துப் பாருங்கள். பழைய சாஸ்திரம் என்று நம்பி ஒன்றை ஏற்றவன், அது நேற்று ஒருவர் புனைந்தது என்று அறியும் நாளில் என்ன நினைப்பான்? கதையை மட்டுமா தள்ளுவான்? மருந்தையும் அன்றோ தள்ளுவான்! நன்மையின் பொருட்டுச் சொல்லும் பொய்யானது கடன் வாங்கிக் கலியாணம் செய்வது போன்றது. மேளம் கேட்கும்வரை இன்பம், பத்திரக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது துன்பம்.

பத்திரிகைகளின் பொறுப்பைப் பற்றிக் கூறுகிறேன். பத்திரிகைகள் பொய் சொல்லாமலே ஜனங்களைத் தவறான வழியிற் செலுத்தக்கூடும் என்பதற்கு வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸீ நகரம் நல்ல உதாரணம். அவ்வூர் மாலைப் பத்திரிகை ஒன்று 1997-ல், தட்டம்மை முதலிய மூன்று நோய்களுக்கான தடுப்பூசியால் தங்கள் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாகச் சொன்ன சில பெற்றோர்களின் கதைகளைத் தொடர்ந்து வெளியிட்டது. ஒவ்வொரு தாயின் துயரமும் மெய்யானதே. அவர்கள் வாக்கைப் பத்திரிகை திரிக்கவுமில்லை. ஆயினும் ஊசி போட்டுக்கொண்டு சுகமாக வாழும் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பற்றிக் கதை எழுத ஒருவருமில்லை. அப்பத்திரிகை பரவியிருந்த பிரதேசத்தில் ஊசி போட்டுக்கொள்வோர் தொகை 13.6 சதவீதம் வீழ்ந்தது. வேல்ஸின் மற்றப் பகுதிகளிலோ வீழ்ச்சி 2.4 சதவீதமே என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர்.

அடுத்த வருஷமே பெரிய நெருப்பு மூண்டது. 1998 பிப்ரவரியில் லான்செட் என்னும் பிரசித்திபெற்ற வைத்தியப் பத்திரிகையில், ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பவரும் அவருடைய சகாக்களும் பன்னிரண்டே குழந்தைகளைப் பரிசோதித்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அத்தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்னும் நிலைக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்ற எண்ணத்தை அது கிளப்பிற்று. தினசரிகள் அதனைப் பல ஆண்டுகள் ஊதி வளர்த்தன. "இப்படியும் சொல்கிறார்கள், அப்படியும் சொல்கிறார்கள்" என்று இரு பக்கமும் சமமாக எழுதுவதே நடுநிலைமை என்று பல பத்திரிகாசிரியர் எண்ணினர். ஆனால் ஒரு தட்டில் பன்னிரண்டு குழந்தைகளும் மறுதட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளும் இருக்கையில், தராசு முள்ளைக் கையாற் பிடித்து நடுவில் நிறுத்துவது நடுநிலைமை ஆகுமா?

இக்கேட்டை வெளிப்படுத்தியவரும் ஒரு பத்திரிகைக்காரரே என்பதை நாம் மறக்கலாகாது. பிரயன் டீர் என்பவர் 2004 முதல் துருவி ஆராய்ந்து, தடுப்பூசி செய்வோர் மீது வழக்குத் தொடுக்க முயன்ற வக்கீலின் மூலமாக வேக்ஃபீல்டுக்குப் பணம் வந்ததையும், கட்டுரையில் கண்ட விவரங்கள் குழந்தைகளின் வைத்தியக் குறிப்புகளோடு ஒவ்வாமையையும் வெளியிட்டார். லான்செட் 2010 பிப்ரவரியில் அக்கட்டுரையை முற்றிலும் வாபஸ் பெற்றது. அவ்வருஷம் மே மாதத்தில் வேக்ஃபீல்டின் பெயர் வைத்தியர் பட்டியலினின்று நீக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்! கட்டுரை வெளிவந்தபோது பிறந்த குழந்தை அதற்குள் பள்ளிக்கூடத்தில் பாதி படிப்பை முடித்துவிட்டது. 2012-13-ல் அதே ஸ்வான்ஸீ பிரதேசத்தில் தட்டம்மை பரவி ஆயிரத்து இருநூறு பேருக்குமேல் நோயுற்றதாகத் தெரிவிக்கப்பட்டது. ஒருவர் மாண்டார். நோயுற்றோரிற் பலர், பத்திரிகைகள் அலறிய அந்நாட்களில் ஊசி போடாது விடப்பட்ட பிள்ளைகள்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் ஊசி போடும் இயக்கம் இங்கே தொடங்கிற்று. அதற்குள் வாட்ஸப் என்னும் கைபேசித் தபாலின் வழியே, ஊசியால் பிள்ளைகளுக்குப் பெருங்கேடு விளையும் என்பது போன்ற செய்திகள் ஊரெங்கும் பரவின. அம்மருந்து நம் நாட்டிலேயே புனா நகரத்தில் செய்யப்பட்டது. ஆயினும் பயந்த பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் தயங்கினர். இயக்கத்தின் காலவரையை நீட்டிக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் நம்மைப்பற்றி நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம். அச்செய்திகளை ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? முகம் தெரியாத அந்நியன் சொன்னதாலன்று. மாமன் அனுப்பினார், மைத்துனன் அனுப்பினான், நம் சமூகத்துப் பெரிய மனிதர் அனுப்பினார் என்பதால் நம்பினார்கள். பத்திரிகைக்கு ஆசிரியர் பெயரும் விலாசமும் உண்டு. பிழை செய்தால் கேட்கலாம், கோர்ட்டுக்கும் இழுக்கலாம். கைமாறி வரும் செய்திக்கோ தந்தையுமில்லை, தாயுமில்லை. உறவின் முகத்தை அணிந்துகொண்டு அது வீட்டுக்குள் நுழைகிறது. ஆதலின் நம் போன்ற உறவின்முறைச் சங்கங்களுக்கு இதில் தனியான பொறுப்பு உண்டு. நமது ஒற்றுமை நமக்குப் பலம். அதே ஒற்றுமை பொய்க்கும் வாகனமாகக்கூடும்.

அப்படியாயின் பொய்ச்செய்தியை அரசாங்கத்தாரே தடுத்துவிடட்டுமே என்று சிலர் கேட்கலாம். மத்திய அரசாங்கத்தார் 2023-ல் அப்படியொரு விதி செய்தனர். தங்கள் காரியங்களைப் பற்றி இணையத்தில் வரும் செய்திகளுள் பொய் எது என்று குறிப்பிடும் அதிகாரத்தை அரசாங்கக் குழுவொன்றுக்கு அது அளித்தது. பம்பாய் ஹைகோர்ட்டில் இரு நீதிபதிகள் 2024 ஜனவரியில் வேறுபட்ட தீர்ப்புகள் கூறினர். மூன்றாவது நீதிபதியின் முடிவுப்படி அவ்வருஷம் செப்டம்பரில் அவ்விதி செல்லாதென்று தள்ளப்பட்டது. இதன் நியாயம் எளிது. வழக்கில் ஒரு கட்சிக்காரனாக நிற்பவனே நீதிபதியின் ஆசனத்திலும் அமர்வது முறையன்று.

கட்டாயத்தைப் பற்றியும் நம் தேசத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2022 மே 2-ந் தேதி ஜேக்கப் புலியேல் என்னும் குழந்தை வைத்தியர் தொடுத்த வழக்கில், ஒருவர் உடலின்மேல் அவருக்குள்ள உரிமை அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்தில் அடங்கியது, அவரைப் பலவந்தமாக ஊசி போட்டுக்கொள்ளும்படி செய்ய முடியாது என்று நீதிபதிகள் கூறினர். அதே தீர்ப்பில், பொதுஜன சுகாதாரத்தின்பொருட்டு அரசாங்கம் நியாயமான அளவுக்குட்பட்ட கட்டுப்பாடுகளை விதிக்கலாம் என்றும் கூறினர். ஊசியினால் நேரும் தீங்குகளைப் பற்றிய விவரங்களைத் தனிமனிதர் இன்னாரென்று வெளிப்படாதபடி பொதுஜனங்கள் அறியுமாறு வெளியிட வேண்டும் என்றும் கட்டளையிட்டனர். சுயேச்சை, பொதுநலம், மறைவின்மை என்னும் மூன்றையும் அத்தீர்ப்பு ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறது. இவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நில்லா. விவரம் அறியாதவன் செய்யும் தெரிவு சுயேச்சையன்று, இருட்டிலே கைபோட்டு எடுப்பதே.

சபையோர்களே! இனி நம் வீட்டுக்காரியத்துக்கு வருகிறேன். முதலாவது தீர்மானத்தார் சொல்வதில் நியாயம் உண்டு. விடுதியில் பல பிள்ளைகள் ஒரே கூடத்தில் படுத்து, ஒரே பந்தியில் உண்கின்றனர். தட்டம்மை மிக விரைவாகத் தொற்றும் நோய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது காப்புப் பெற்றிருந்தாலன்றி அது பரவாமல் நில்லாது என்பது வைத்தியர் கணக்கு. தன் பிள்ளையைப் பற்றி ஒரு தகப்பன் செய்யும் தெரிவு அங்கே மற்றொருவன் பிள்ளையின் உடம்பையும் தொடுகிறது. இரண்டாவது தீர்மானத்தார் சொல்வதிலும் நியாயம் உண்டு. சங்கம் அரசாங்கமன்று. கல்விக்கு வேறு வழியில்லாத ஏழைப்பிள்ளையை வாசலில் நிறுத்தி நிர்ப்பந்திப்போமாயின், இங்கிலாந்தில் ஏழையின் பாத்திரத்தை ஜப்தி செய்த அதே பிழையை நாமும் செய்தவர்களாவோம்.

ஆதலின் நான் உங்கள் ஆலோசனைக்கு வைப்பது இது. விடுதியில் சேரும் பிள்ளைக்குத் தடுப்பூசி உண்டா என்று கேட்பதே விதியாக இருக்கட்டும். இல்லையெனில் ஒரு வைத்தியரைக் கொண்டு பெற்றோருக்கு எடுத்துரைத்து, ஊசியின் நன்மையோடு அதனால் அரிதாக நேரக்கூடிய தீங்கையும் மறைக்காமற் சொல்லி, இலவசமாகப் போட ஏற்பாடு செய்வோம். உடல்நிலையினால் போடக்கூடாத பிள்ளைக்கு விலக்கு அளிப்போம். கேட்டறிந்த பின்னும் மறுக்கும் பெற்றோரின் பிள்ளையையும் சேர்த்துக்கொள்வோம். ஆனால் விடுதியில் தொற்றுநோய் கண்டால் அப்பிள்ளை நோய் நீங்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வோம். அபராதம் வேண்டாம், அவமதிப்பு வேண்டாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் போன்ற சமூகங்களில் சட்டத்தைக் காட்டிலும் கொடிய ஒரு தண்டனை உண்டு. அதுவே விலக்கிவைத்தல். "அந்த வீட்டில் பெண் எடுக்காதே, அவர்கள் பந்தியில் உட்காராதே" என்று ஒரு சொல் பரவினால் போதும். எவனுக்கும் தன் மனத்திலிருப்பதைச் சொல்ல நா எழாது. மகாராஷ்டிரச் சட்டசபையார் 2016-ல் இத்தகைய விலக்கைக் குற்றமாக்கிச் சட்டம் நிறைவேற்றினர். நாம் சட்டத்துக்கு அஞ்சியன்று, நம் நலத்தைக் கருதியே இதனைக் கைவிட வேண்டும். இன்று இவ்விரு தீர்மானங்களுள் எதற்குக் கை தூக்கினவர்களும் நாளை ஒரே பந்தியில் உண்ண வேண்டும். நாலு பேர் மூடிய அறையில் செய்யும் முடிவை ஏன் ஆபத்து என்றேன்? அம்முடிவு சரியானதாகவே இருப்பினும் அதற்குரிய காரணம் வெளியே வாராது. காரணம் அறியாமல் கீழ்ப்படிந்தவன், நாளை வேறொரு குரல் உரக்கக் கேட்டால் அதற்கும் அவ்வாறே கீழ்ப்படிவான்.

நமது மாதப் பத்திரிகையின் ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இரு தீர்மானங்களுக்கும் ஆதரவாளர் எழுதும் கட்டுரைகளை அடுத்த இதழில் ஒருங்கே வெளியிடுங்கள். ஒவ்வொருவரும் தாம் கூறும் செய்தி எங்கிருந்து கிடைத்தது என்று குறிப்பிட வேண்டும் என்று கேளுங்கள். அச்சிட்ட பின் ஒன்று பிழையென்று தெரிந்தால், பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ அந்தப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் போடும் திருத்தம் திருத்தமாகாது. அங்கத்தினராகிய நாமும் கைபேசியில் வரும் செய்தியை மற்றவர்க்கு அனுப்புமுன், எழுதியவர் யார், எந்த நாளில் எழுதினார், அவருக்கு எவ்வாறு தெரியும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. விடை கிடையாத செய்தி நம்மோடு நின்றுவிடட்டும்.

யார் வாயிலிருந்து வந்தது என்று பாராமல் பொருளின் மெய்மையை நாடுவதே அறிவின் இலக்கணம் என்று போதித்த நூல் பிறந்த நாடு இது. அந்நூலை நம் பிள்ளைகள் விடுதியில் நாள்தோறும் ஓதுகின்றனர். அவர்கள் ஓதுவதை நாம் இம்மண்டபத்தில் நடத்திக் காட்டினால், எந்தத் தீர்மானம் வென்றாலும் நம் சமூகம் தோற்காது.